தனியார் பள்ளி ஆசிரியர்: உடம்புக்கு முடியாமல் விடுப்பு எடுத்த மாதத்தில் இவ்வளவு பிடித்தம் சரிதானா?

திருமங்கலம் டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். திருமங்கலம் பக்கம் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். சென்ற ஆண்டு ஜூனில் சேர்ந்தேன். மாதச் சம்பளம் 18,000 ரூபாய். அதில் அடிப்படை 15,000, வீட்டு வாடகைப்படி 3,000.

நவம்பரில் டைபாய்டு வந்து தொடர்ந்து 14 நாள் பள்ளிக்குப் போகவில்லை. இடையில் இரண்டு ஞாயிறு வந்தது. ஆண்டுக்குரிய தற்செயல் விடுப்பை மகனின் அம்மையும் மாமியாரின் கண் அறுவையும் அக்டோபருக்குள்ளேயே தின்று முடித்துவிட்டன. ஆகவே சம்பளம் குறையும் என்று தெரியும். ஆனால் சீட்டைக் கையில் வாங்கியதும் தலை சுற்றியது.

மொத்தம் 18,000. சம்பள இழப்பு 10,500. வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) 1,800. தொழிலாளர் அரசுக் காப்பீடு (இ.எஸ்.ஐ.) 720. ஆசிரியர் நல நிதி 200. கையில் வந்தது 4,780.

அலுவலகத்தில் கேட்டேன். "இந்த மாதம் வேலைநாள் 24. ஒரு நாளுக்கு 750 ரூபாய். நீங்கள் 14 நாள் வரவில்லை. பெருக்கிப் பாருங்கள்" என்றார்கள். பெருக்கிப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. பாதி மாதம் வேலை பார்த்தவளுக்குக் கால்வாசிச் சம்பளத்தைவிடக் கொஞ்சம்தானே கூடுதலாக வந்திருக்கிறது?

இன்னொன்று. அரசுப் பள்ளியில் இருக்கும் என் தோழி, மருத்துவ விடுப்புக்கு முழுச் சம்பளம் வருகிறது என்கிறாள். எங்களுக்கு அப்படி எதுவும் கிடையாதா? நான் சேர்ந்திருந்தது தனியார் மருத்துவமனை. அங்கே கொடுத்த சான்றிதழும் டிஸ்சார்ஜ் சம்மரியும் கையில் இருக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உசிலம்பட்டி ஆசிரியர்:

சகோதரி, உடம்பு தேறிவிட்டதா? டைபாய்டு போன பிறகும் களைப்பு ஒரு மாதம் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தோழி சொன்னது சரி. நான் அரசுப் பள்ளி என்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். எங்களுக்கு மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு என்று ஒன்று உண்டு. அதற்கு முழு ஊதியம். ஆனால் அது ஆண்டுதோறும் புதுப்பித்துத் தருவதல்ல, பணிக்காலம் முழுமைக்கும் சேர்த்துக் கணக்கு. ஐந்து ஆண்டு வரை 90 நாள், பத்து ஆண்டு வரை 180, பதினைந்து வரை 270, இருபது வரை 360, அதற்கு மேல் 540. எடுத்தது எடுத்ததுதான், கழிந்துகொண்டே வரும். சொந்தக் காரணத்துக்கான ஈட்டா விடுப்பு வேறு. அதற்குப் பாதி ஊதியம்தான். தற்செயல் விடுப்பை மருத்துவ விடுப்போடு ஒட்டவைக்க முடியாது. திரும்பச் சேரும்போது உடற்தகுதிச் சான்று கொடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் மருத்துவக் குழுவுக்கும் அனுப்புவார்கள்.

எங்கள் சீட்டிலும் சில மாதம் பெரிய பள்ளம் விழும். விடுப்பு ஒப்பளிப்பு ஆணை, களஞ்சியம் என்கிற அரசின் இணையச் சம்பளக் கணக்கில் ஏறுவதற்குள் மாதப் பட்டியல் கருவூலத்துக்குப் போய்விட்டால், அந்த நாள்களுக்குரிய சம்பளம் நின்று பிறகு நிலுவையாக வரும். அது பிடித்தம் அல்ல. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அதைப் பார்த்துப் பதறிப்போகிறார்கள். மற்றபடி 2003 ஏப்ரல் முதல் வந்தவர்களுக்கு ஊதியமும் அகவிலைப்படியும் சேர்த்து 10 விழுக்காடு ஓய்வூதியப் பங்களிப்பாகப் போகும். குடும்ப நல நிதிக்கு 110 ரூபாய். காப்பீட்டுக்கும் ஒரு தொகை. தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குப் போகும்.

தனியார் பள்ளிக் கணக்கு எனக்குப் பிடிபடாது. பழங்காநத்தம் ஐயா வந்தால் பிரித்து மேய்ந்துவிடுவார்.

பழங்காநத்தம் பழைய எழுத்தர்:

வந்துவிட்டேன். மதுரையில் ஓர் உதவிபெறும் பள்ளியில் சம்பளப் பட்டியல் போட்டே தலை நரைத்தவன். ஓய்வுக்குப் பிறகு ஒரு தனியார் பள்ளிக்கும் சில காலம் கணக்கு எழுதினேன். அதனால் இரண்டு பக்கத்துத் தந்திரமும் தெரியும்.

டீச்சர், உங்கள் சீட்டில் இருப்பவற்றை ஒரே மூட்டையாகப் பிடித்தம் என்று பார்க்காதீர்கள். முதல் வரி, வராத நாளுக்குத் தராத சம்பளம். இரண்டாவது, உங்கள் பெயரில் சேரும் சேமிப்பு. மூன்றாவது, காப்பீட்டுச் சந்தா. நான்காவது எதற்கு என்று பள்ளிக்கே வெளிச்சம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. உங்களுடைய சீட்டில் நான்கும் கோணல்.

முதலில் அந்த 10,500. வேலைநாள் 24 என்று வகுத்தார்கள். அந்த 24இல் ஞாயிறு இல்லை. பிறகு 14 நாள் என்று பெருக்கினார்கள். அந்த 14இல் இரண்டு ஞாயிறு இருக்கிறது. பகுதியில் ஞாயிற்றைத் தள்ளிவிட்டுத் தொகுதியில் சேர்த்தால் அது என்ன பின்னம்? ஆறாம் வகுப்புப் பிள்ளை போட்டால் சுழித்துவிடுவீர்களா இல்லையா? 30ஆல் வகுத்தால் நாளுக்கு 600, பதினான்குக்கு 8,400. 24ஆல் வகுப்போம் என்று அடம்பிடித்தால் வராத வேலைநாள் 12தான், 750 வீதம் 9,000. இந்த இரண்டில் ஒன்று. இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று தங்களுக்குத் தோதானதை மட்டும் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நவம்பர் முழுக்க நான் வரவில்லை என்றால் எவ்வளவு பிடிப்பீர்கள்? அவர்கள் முறைப்படி 750ஐ முப்பதால் பெருக்கினால் 22,500. சம்பளமே 18,000. அப்படியானால் நீங்கள் பள்ளிக்கு 4,500 ரூபாய் கட்ட வேண்டும்! வராத காலத்துக்குரிய விகிதத்துக்கு மேல் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது என்பதுதான் ஊதியச் சட்டத்தின் அடிப்படை. இது அந்த விகிதத்தைத் தாண்டுகிறது.

அடுத்து இ.எஸ்.ஐ. இதைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபமே வந்தது. தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு. முதலாளியின் பங்கு 3.25. 2019 ஜூலையிலிருந்து இதுதான் விகிதம். பதினெட்டாயிரத்துக்கு உங்கள் பங்கு 135 ரூபாய். 720 எங்கிருந்து வந்தது? 18,000க்கு 4 விழுக்காடு போட்டுப் பாருங்கள். இரண்டு பங்கையும் உங்கள் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள். நிர்வாகத்தின் பங்கை ஊழியரின் சம்பளத்திலிருந்து எடுக்கச் சட்டம் இடம் தரவில்லை, நீங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும்கூட. பழைய சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் 720 என்றால் சேர்ந்த நாளிலிருந்து மாதம் 585 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கிறது.

தவிர, இந்தச் சந்தா முழுச் சம்பளத்துக்குக் கிடையாது, அந்த மாதம் கொடுத்த சம்பளத்துக்குத்தான். 8,400 போக 9,600 என்றால் உங்கள் பங்கு 72 ரூபாய். பி.எஃப்.பும் அப்படியே. 15,000 அடிப்படையில் 16 நாளுக்கு 8,000. அதில் 12 விழுக்காடு 960. அவர்கள் 1,800 பிடித்திருக்கிறார்கள்.

பி.எஃப். கூடுதலாகப் போனால் நல்லதுதானே, நம் கணக்கில்தானே சேரும் என்று சிலர் சொல்வார்கள். சேர்ந்தால் நல்லது. சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். உமங் என்கிற அரசுச் செயலியில் உங்கள் யூ.ஏ.என். எண்ணை, அதாவது பி.எஃப். உறுப்பினர் எண்ணைப் போட்டுப் பாஸ்புக்கைத் திறங்கள். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பள்ளி கட்டியாக வேண்டும், அதன் பிறகு பாருங்கள். சீட்டில் 1,800, பாஸ்புக்கில் 960 என்றால் நடுவில் 840 ரூபாய் யாருடைய சட்டைப் பையில் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நிர்வாகத்தின் பங்கு இரண்டாகப் பிரிந்து தெரியும். 8,000க்கு என்றால் ஓய்வூதியத்துக்கு 666 ரூபாய், உங்கள் கணக்குக்கு 294. ஓய்வூதியப் பகுதி சிறு எழுத்தில் கடைசிப் பத்தியில் இருக்கும், காணவில்லை என்று பதற வேண்டாம்.

நல நிதி 200 பற்றி என்ன சொல்ல? எழுத்தில் சம்மதம் கொடுத்தீர்களா, ரசீது உண்டா, அதிலிருந்து இதுவரை எந்த ஆசிரியருக்காவது ஏதாவது கொடுத்தார்களா என்று கேளுங்கள். பொங்கலுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்த நல நிதிகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆக 18,000இல் 8,400ம் 960ம் 72ம் போனால் கையில் வர வேண்டியது 8,568. வந்தது 4,780.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. நோய்க்காலச் சம்பளம் உங்களுக்கு உண்டு. ஆனால் பள்ளி தராது, இ.எஸ்.ஐ. தரும். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். தமிழ்நாட்டில் தனியார் கல்வி நிறுவனங்களும் இதற்குள் வருகின்றன. சந்தா கட்டுகிற பெரும்பாலான ஆசிரியர்கள் இதை மருந்து வாங்கும் அட்டை என்று நினைத்து டிராயருக்குள் போட்டுவைக்கிறார்கள். நோயில் படுத்த நாள்களுக்குச் சராசரி நாள் ஊதியத்தில் 70 விழுக்காடு கொடுப்பார்கள், ஆண்டுக்கு 91 நாள் வரை. காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நோய்கள் என்றால் 80 விழுக்காடு, கூடுதல் காலம்.

எந்த மாதச் சம்பளத்தை வைத்துக் கணக்கு? அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்து வரும் ஜூலை முதல் டிசம்பர் வரை பலன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அந்த ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது சந்தா போயிருக்க வேண்டும். உங்களுக்கு நவம்பரில் காய்ச்சல், ஆகவே சென்ற அக்டோபர் முதல் மார்ச் வரை பார்ப்பார்கள். அப்போதும் 18,000 என்றால் ஆறு மாதத்துக்கு 1,08,000. அதை 182 நாளால் வகுத்தால் 593. அதில் 70 விழுக்காடு ஏறக்குறைய 415. முதல் இரண்டு நாளுக்குத் தரமாட்டார்கள், மீதி 12 நாளுக்கு ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். மே மாதம் சம்பளமே தராத பள்ளிகள் நம் ஊரில் ஏராளம். அங்கே இருப்பவர்களும் பயப்பட வேண்டாம், மற்ற மாதங்களிலேயே 78 நாள் தாண்டிவிடும்.

தற்செயல் விடுப்பு மிச்சமிருந்து அந்த நாள்களுக்குப் பள்ளி சம்பளம் கொடுத்திருந்தால் அந்த நாள்களுக்கு இ.எஸ்.ஐ. தராது. ஒரே நாளுக்கு இரண்டு இடத்தில் வாங்க முடியாது.

மேலூர் கணக்கு வாத்தியார்:

ஐயா தொகுதி பகுதி என்று இறங்கியதும் எனக்கே கை துறுதுறுத்தது. நானும் தனியார் பள்ளிதான். முதுகு வலியில் படுத்தபோது இந்தப் பணத்தை வாங்கியிருக்கிறேன், அதனால் நடைமுறையைச் சொல்கிறேன், அக்கா.

நான் முதல் நாளே இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனேன். அங்கிருந்து தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஓய்வுச் சான்றை அந்த மருத்துவர்களே கொடுத்ததால் வேலை எளிது. உங்களுக்கு இடிக்கப்போவது இந்த இடம்தான். தனியார் மருத்துவரின் சான்றிதழை அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கதவு மூடவில்லை. வேறு ஆதாரங்களை ஏற்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு, பில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருந்தக மருத்துவரையும் கிளை அலுவலகத்தையும் பாருங்கள். மருத்துவமனையில் படுத்திருந்ததற்குக் காகிதம் இருப்பது உங்களுக்குப் பலம். ஏற்பதும் ஏற்காததும் அவர்கள் முடிவு. தள்ளிப்போடாமல் இந்த வாரமே போங்கள்.

கிளை அலுவலகம் அந்த நாள்களில் நீங்கள் வேலைக்கு வரவில்லை என்பதைப் பள்ளியிடம் கேட்டு உறுதிசெய்யும். வருகைப் பதிவேட்டில் அந்த நாள்களுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வரும், கணக்கு எண்ணும் ஆதாரும் சரியாக இணைந்திருக்க வேண்டும்.

மாலை டியூஷன் எடுக்கிறவர்கள் கவனிக்க: ஓய்வுச் சான்று இருக்கும் நாள்களில் டியூஷனும் வேலைதான். நான் பிள்ளைகளை அனுப்பிவிட்டேன். அவர்கள் சந்தோஷமாகப் போனார்கள்.

திருமங்கலம் டீச்சர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்னபடி பழைய சீட்டுகளைத் தேடி எடுத்தேன். ஒவ்வொரு மாதமும் 720தான். பி.எஃப். பாஸ்புக்கில் மற்ற மாதங்கள் சரியாக இருக்கின்றன. நவம்பருக்கு 960 என்றுதான் ஏறியிருக்கிறது.

மாதம் முழுக்க வராவிட்டால் எவ்வளவு என்று அலுவலகத்தில் கேட்டேன். அந்த அம்மா கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது தாளாளர் போட்ட முறை, எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டார். எழுதிக் கொடுங்கள் என்கிறார். என்ன எழுதுவது? சண்டை போடுகிற மாதிரி இருந்தால் வேலைக்கே ஆபத்து வந்துவிடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். என்னைப் போலவே 720 பிடிக்கப்படுகிற ஆசிரியைகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

பழங்காநத்தம் பழைய எழுத்தர்:

960 ஏறியிருக்கிறதா? அப்படியானால் அவர்களுக்குச் சரியான கணக்கு தெரிந்திருக்கிறது, டீச்சர். அரசுக்குக் கட்டும்போது 16 நாள் கணக்கு, உங்களிடம் பிடிக்கும்போது 30 நாள் கணக்கு. அந்த பாஸ்புக் பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வாதமே தேவையில்லை.

கடிதத்தில் குற்றச்சாட்டு ஒரு வரிகூட வேண்டாம். விளக்கம் கேளுங்கள், போதும். இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கு, நவம்பர் மாதச் சம்பளச் சீட்டில் பி.எஃப். 1,800 ரூபாய் பிடித்தம் காட்டப்பட்டுள்ளது. என் கணக்கில் 960 ரூபாய் வரவாகியுள்ளது. இ.எஸ்.ஐ. பங்காக 720 ரூபாய் பிடித்தம் செய்யப்பட்டுள்ளது. ஊழியர் பங்கு 0.75 விழுக்காடு என அறிகிறேன். சம்பள இழப்பு 14 நாள்களுக்கு 24 வேலைநாள் அடிப்படையில் கணக்கிடப்பட்டுள்ளது, அந்த 14இல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அடங்கும். இவற்றைச் சரிபார்த்து, வேறுபாட்டுத் தொகையை அடுத்த மாதச் சம்பளத்தில் நிலுவையாகச் சேர்த்து வழங்க வேண்டுகிறேன்."

நல நிதியை இந்தக் கடிதத்தில் இழுக்காதீர்கள். அது சில்லறை, அதைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தட்டிக்கழிப்பார்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் தேதியோடு பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மற்ற ஆசிரியைகளும் ஆளுக்கொரு கடிதம் தனித்தனியாக, ஒரே வாரத்தில் கொடுக்கட்டும். கூட்டாகக் கையெழுத்திட்ட ஒரே கடிதம் என்றால் யார் எழுதியது என்று தேடுவார்கள். பதிலே வராவிட்டால் பி.எஃப்.புக்குச் சொக்கிகுளம் மண்டல அலுவலகம் இருக்கிறது, இணையத்திலும் புகார் செய்யலாம். இ.எஸ்.ஐ.க்கு உங்கள் கிளை அலுவலகம். அங்கே எப்படியும் நோய்க்காலப் பணத்துக்காகப் போகத்தானே போகிறீர்கள், சீட்டுகளையும் உடன் கொண்டு போங்கள்.

வீட்டில் பயப்படுவது நியாயம்தான். ஆனால் இப்படிக் கணக்கு எழுதுகிற நிர்வாகங்கள் சண்டைக்காரர்களைவிடக் காகிதம் சேர்ப்பவர்களுக்குத்தான் அதிகம் அஞ்சும். நானே அந்த நாற்காலியில் இருந்தவன், சொல்கிறேன்.

மேலூர் கணக்கு வாத்தியார்:

ஐயா, இடையில் என் கேள்வி ஒன்று. எனக்கு ஜூன் முதல் சம்பளம் 21,500 ஆகும் என்கிறார்கள். அன்றோடு இ.எஸ்.ஐ. போய்விடுமா? அம்மாவுக்கு அங்கேதான் சர்க்கரை மாத்திரை வாங்குகிறேன்.

பழங்காநத்தம் பழைய எழுத்தர்:

உடனே போகாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம். அதன் தொடக்கத்தில் நீங்கள் உள்ளே இருந்தால் நடுவில் 21,000ஐத் தாண்டினாலும் செப்டம்பர் முடியும் வரை சந்தா பிடிப்பார்கள், புதிய சம்பளம் முழுமைக்கும். அந்தச் சந்தாவுக்குரிய பலன் காலம் அடுத்த ஜூன் வரை ஓடும். ஜூன் சீட்டிலேயே சந்தாவை நிறுத்திவிட்டால் அலுவலகத்தில் போய்ச் சொல்லுங்கள். இதே உயர்வை ஏப்ரலிலிருந்து கொடுத்தால்தான் ஏப்ரலிலேயே வெளியே போய்விடுவீர்கள். அக்டோபருக்கு முன் அம்மாவுக்கு வேறு காப்பீடு பார்த்து வைப்பது நல்லது. சர்க்கரை இருப்பவர்களுக்குக் காத்திருப்புக் காலம் போடுவார்கள்.